தம்பிக்கு கிராபிக்ஸ் கார்டு: மாடல் நம்பருக்கா, மெமரிக்கா காசு?

"அண்ணா, அனிமேஷன் கோர்ஸுக்கு கிராபிக்ஸ் கார்டு வேணும்"னு தம்பி கேட்டா, உடனே நோ காஸ்ட் இஎம்ஐ போட்டுடாதீங்க. வட்டியை டிஸ்கவுன்ட்டா கழிச்சாலும், அந்த வட்டி மேல 18% ஜிஎஸ்டி உங்க தலைலதான் விழும். பல பேங்க்ல பிராசஸிங் ஃபீஸ் வேற.

வெறும் எடிட்டிங்தானா? இன்டெல் பிராசஸர் பேர் 'எஃப்'னு முடியலைன்னா, பெரும்பாலும் உள்ளேயே கிராபிக்ஸ் இருக்கும். சாதாரண ஃபுல் எச்டி வீடியோவுக்கு இப்போதைக்கு அதுவே போதும்.

பிளெண்டர்னா கதை வேற. சீன் முழுக்க கார்டோட மெமரிக்குள்ள அடங்கணும். அடங்கலைன்னா ரெண்டரிங் நத்தை மாதிரி நகரும், இல்ல பாதியிலேயே நின்னுடும். 2021-ல வந்த ஆர்டிஎக்ஸ் 3060-ல 12 ஜிபி. 2023-ல வந்த 4060-ல 8 ஜிபிதான். கேமுக்கு 4060 வேகம், சந்தேகமே இல்ல. ஆனா காலேஜ் ப்ராஜெக்ட்ல பெரிய சீன் பண்றவனுக்கு என் ஓட்டு பழைய 3060-க்கு.

ஒரு செலவு மறைஞ்சிருக்கு: 4060-க்கு 115 வாட், 3060-க்கு 170 வாட். வீட்டுல இருக்கற எஸ்எம்பிஎஸ் தாங்கலைன்னா புதுசு வாங்கணும், அதையும் பட்ஜெட்ல சேருங்க.

3060-லயே 8 ஜிபி கார்டும் விக்கறாங்க. காசு கொடுக்கறதுக்கு முன்னாடி பெட்டி மேல 12 ஜிபின்னு போட்டிருக்கான்னு பாத்துடுங்க.