தொழுவமும் குடும்பத்தின் பன்னிரு மாதங்களும்

தமிழில் 'மாடு' என்னும் சொல்லுக்குச் செல்வம் என்னும் பொருளும் உண்டு. பழைய நூல்களோடு நின்றுவிட்ட பொருள் என்று இதனை ஒதுக்கிவிடலாகாது. திண்டுக்கல் சமவெளியில் இரண்டு ஏக்கர் மானாவாரி நிலமும், ஒரு கறவையும், நான்கு வெள்ளாடுகளும், சில கோழிகளும் உடைய குடும்பத்தின் வரவு செலவை ஓராண்டுக் காலம் கவனிப்போருக்கு, அப்பொருள் இன்றும் உயிரோடிருப்பது விளங்கும். நிலம் ஆண்டுக்கு ஒருமுறை பணம் தருகிறது. தறி கூலி தருகிறது. ஆனால் நூலும் வெயிலும் தடையின்றிக் கிடைத்தால்தான் தருகிறது. தொழுவமோ அன்றாடம் பாலும், சந்தை நாளுக்கு முட்டையும், அவசரத்துக்கு ஓர் ஆடும் தருகிறது.

சங்கத்தின் கணக்கு ஏப்ரலில் தொடங்கி மார்ச்சில் முடிகிறது. குடும்பத்தின் கணக்கோ மழையோடு தொடங்கி, அடுத்த மழையை எதிர்நோக்கி முடிகிறது. இவ்விரு கணக்குகளும் ஒன்றோடொன்று பொருந்தாத மாதங்களில்தான் நம் அங்கத்தினர் பலர் தம் கால்நடைகளை இழக்கின்றனர். ஆய்வுக்குச் செல்லும் ஊர்களில் கண்டவற்றைக் கொண்டு, அந்த இழப்பு எம்மாதத்தில் நேர்கிறது, ஏன் நேர்கிறது, அதனை எங்ஙனம் தடுக்கலாம் என்பதை இங்கு எடுத்துரைக்க முற்படுகிறோம்.

மழைக்காலம்

ஒருபுறம் சிறுமலையும் மறுபுறம் பழனி மலைத்தொடரும் நிற்க, இடையே பரந்து கிடப்பது நம் சமவெளி. மலைச் சரிவில் தோன்றி ஆத்தூர் வழியாகவும் வேடசந்தூர் வழியாகவும் சென்று அமராவதியில் கலக்கும் கொடகனாறு, ஆண்டின் பெரும்பகுதி மணலாகவே கிடக்கிறது. தென்மேற்குப் பருவக்காற்றின் மழையை மேற்கு மலைகள் தடுத்து நிறுத்திவிடுவதால், ஐப்பசியும் கார்த்திகையும் தரும் மழையே இங்குப் பெரும் ஆதாரம்.

புரட்டாசியில் விதைப்பு தொடங்குகிறது. சோளம், கம்பு, மொச்சை, துவரை, கொள்ளு ஆகியவை செம்மண் காடுகளில் இறங்குகின்றன. முன்னாளில் வீட்டு எருதுகளே உழவை முடித்தன. உழவுக்கென ரொக்கம் தேவைப்படவில்லை. இன்று எருது ஜோடிகள் அருகிவிட்டன. டிராக்டருக்கு மணிக் கணக்கில் வாடகை கொடுக்க வேண்டியிருக்கிறது. விதைக்கும் உரத்துக்கும் முன்பாகவே கைப்பணம் கரைந்துவிடுகிறது. இச்செலவைக் குடும்பத்தார் எங்கிருந்து எடுக்கிறார்கள் என்பதைப் பின்னர் காண்போம்.

மழை பெய்து பதினைந்து நாட்களில் வரப்பெல்லாம் புல் மூடிவிடும். கறவைக்குப் பால் ஏறும். ஆடுகளின் மேனி பளபளக்கும். பள்ளி விட்டு வரும் பிள்ளைகள் ஒரு கட்டுப் புல்லோடு வீடு சேருவர். ஆயினும் மகிழ்ச்சியோடு அபாயமும் வரும் பருவம் இது. செம்மறிக்கு நீலநாக்கு நோயும், வெள்ளாட்டுக்கு ஆட்டுக்கொல்லி நோயும், மாட்டுக்குக் கோமாரியும், கோழிக்கு வெள்ளைக் கழிச்சலும் வராமல் தடுக்கத் தடுப்பூசி உண்டு. மழைக்கு முன்பே கால்நடை மருந்தகத்தை நாடுவோர் பிழைக்கின்றனர். நோய் கண்ட பின் ஓடுவோர் பெரும்பாலும் வெறுங்கையோடு திரும்புகின்றனர்.

மற்றோர் அபாயம் சோளக்காட்டில் இருக்கிறது. இளஞ்சோளப் பயிரிலும், மழை பொய்த்து வாடிய பயிரிலும், அறுத்த தாளில் மீண்டும் தழைக்கும் முளையிலும் நஞ்சுண்டு. அவிழ்த்துக்கொண்டு போன மாடு அதனை வயிறார மேய்ந்தால் சிறிது நேரத்துக்குள் விழுந்துவிடும். பூத்த பின் அறுத்து, நன்கு காயவைத்த தட்டையில் இந்த அபாயம் வெகுவாகக் குறைகிறது. முதியோர் அறிந்த இவ்விஷயத்தை இளைஞர்களும் அறிந்திருத்தல் அவசியம்.

நெசவாளர் இல்லங்களில் இதே பருவம் வேறு முகம் காட்டுகிறது. தீபாவளிக்கான வேலை குவிந்திருக்கும் நேரத்தில் மழை பிடித்துக்கொள்ளும். சின்னாளபட்டியிலோ நாகல்நகரிலோ, தெருவில் பாவு நீட்டிக் கஞ்சி போடும் வேலைக்கு வெயில் வேண்டும். குழித்தறியில் ஈரம் ஏறினால் இழை அறும். உழவனுக்குப் பொன்னான மழை நெசவாளிக்குக் கூலி இல்லாத நாட்களாகிவிடுகிறது. அந்நாட்களில் கொல்லைப்புறத்தில் கட்டியிருக்கும் ஒற்றைக் கறவையோ, இரண்டு ஆடுகளோ அடுப்பை எரியவைக்கின்றன. சொந்தமாக வாங்க வகையற்ற வீடுகளில் பிறருடைய குட்டியை வாரத்துக்கு வளர்த்து, ஈற்றில் பாதியைப் பங்காகப் பெறும் வழக்கமும் உண்டு.

தை மாதம்

அறுவடை தையில் வருகிறது. களத்தில் கதிர், வீட்டில் தானியம், மாட்டுக்குப் பொங்கல். கொம்புக்கு வண்ணம், கழுத்துக்கு மாலை. ஆண்டு முழுவதும் உழைத்த பிராணிகளுக்கு மனிதர் நன்றி செலுத்தும் நாள் அது. எனினும் அந்த நன்றி மெய்யானதா என்பதை வண்ணக் கொம்பில் காண இயலாது. களத்து ஓரத்துப் படப்பில் காணலாம்.

தை மாதத்தில் தட்டையின் விலை மிகவும் தாழ்ந்திருக்கும். வியாபாரி வண்டியோடு வருவார். கையில் ரொக்கம் தருவார். தானியத்தை விற்க மனமில்லாத குடும்பம் தட்டையை விற்றுவிடுகிறது. அதே தட்டையை வைகாசியில் அதே குடும்பம் பன்மடங்கு விலை கொடுத்து வாங்குவதைப் பல ஊர்களில் கண்டிருக்கிறோம்.

இங்கு ஒரு சிறு கணக்கு உதவும். நாட்டுப்பசு ஒன்றுக்கு நாளொன்றுக்குச் சுமார் 6 கிலோ உலர்தீவனம் என்று வைத்துக்கொள்வோம். மாசி முதல் ஆனி முடிய 150 நாட்கள். ஆகவே ஒரு பசுவுக்கு 900 கிலோ தேவை. கன்றுக்கும் ஆடுகளுக்கும் சேர்த்து மேலும் சிறிது. இந்த அளவைப் படப்பில் ஒதுக்கி வைத்த பின் மிஞ்சியதையே விற்பது என்று குடும்பத்தார் தை மாதத்திலேயே முடிவு செய்துகொள்ள வேண்டும். படப்பின் அடியில் கல்லோ கட்டையோ பரப்பி, மேலே நீர் இறங்காதபடி வேய்ந்துவிட்டால் கோடை முழுதும் கெடாதிருக்கும்.

கோடையும் கொறங்காடும்

வேடசந்தூர், ஒட்டன்சத்திரம் பக்கங்களில் முன்னோர் கோடைக்கென்றே ஓர் ஏற்பாடு செய்து வைத்தனர். அதற்குக் கொறங்காடு என்று பெயர். சுற்றிலும் கிளுவை வேலி. உள்ளே கொழுக்கட்டைப் புல். இடையிடையே வெள்வேல் மரங்கள். வேலி இருப்பதால் கன்றுகாலிகள் தாமே மேய்ந்துகொள்ளும், ஆள் வேண்டுவதில்லை. நிலத்தைப் பகுதி பகுதியாக அடைத்து, ஒன்றில் மேய்ந்த பின் மற்றொன்றுக்கு மாற்றுவர். புல் காய்ந்த பின்னும் அதில் சத்து இருக்கிறது. வெள்வேலின் காய்கள் ஆடுகளுக்குக் கோடை உணவாகின்றன. காங்கயம் மாடுகள் வளர்ந்து பேர் பெற்றது இத்தகைய காடுகளில்தான். உழுது பயிரிட்டால் நான்கு ஆண்டுகளில் மூன்று பொய்க்கக்கூடிய மேட்டு நிலத்தை இவ்வாறு புல்லுக்கு விடுவது நஷ்டம் என்று எண்ணுவோர் தம் கணக்கை மீண்டும் போட்டுப் பார்த்தல் நலம்.

கிணறு உள்ளவர்கள் ஐந்து செண்டு நிலத்தில் கம்பு நேப்பியர் புல்லும், வாய்க்கால் ஓரத்தில் அகத்தியும் வேலிமசாலும் வைத்துக்கொண்டால் கறவைக்குப் பச்சை தட்டாது.

மாசியிலிருந்து ஆனி வரை செலவுகள் அணிவகுத்து வருகின்றன. திருவிழா, வைகாசியில் திருமணம், ஆனியில் பள்ளிக்கூடம். வரவோ குறைந்துகொண்டே போகிறது. பசு வற்றும்; கோழி முட்டையைக் குறைக்கும்; தறிக்கும் பண்டிகை முடிந்த மந்தம்.

ஆடி மாதத்துச் சந்தை

நாம் முன்னர் குறிப்பிட்ட இழப்பு இங்குதான் நேர்கிறது. ஆடியில் வீட்டில் தானியம் தீர்ந்திருக்கும், தட்டை தீர்ந்திருக்கும், அடுத்த உழவுக்கு ரொக்கம் தேடவேண்டியிருக்கும். அய்யலூர் ஆட்டுச் சந்தைக்கும் ஒட்டன்சத்திரம் மாட்டுச் சந்தைக்கும் செல்லும் பாதைகளில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நடப்போரில் நம் அங்கத்தினரும் உண்டு.

விற்பதே தவறு என்று நாம் கூறவில்லை. வளர்ப்பதே விற்பதற்காகத்தான். ஆடித் திருவிழாக்களுக்கும், பக்ரீத்துக்கும், தீபாவளிக்கும் கிடாய்களுக்கு நல்ல விலை உண்டு; அந்நாட்களை எதிர்பார்த்து அவற்றை வளர்த்து விற்பது கெட்டிக்காரத்தனமே ஆகும். ஆனால் கிடாய் இல்லாத வீடு தாயாட்டைக் கொண்டுபோகிறது. வெள்ளாடு ஐந்து மாதத்தில் ஈனும். நன்கு பராமரித்தால் இரண்டு ஆண்டுகளில் மூன்று ஈற்று எடுக்கலாம். இரண்டு தாயாடுகளை விற்றவர் ஆறு ஈற்றுகளை, அதாவது ஈற்றுக்கு ஒரு குட்டி என்று வைத்தாலும் ஆறு குட்டிகளை, அன்றே விற்றுவிட்டார். அவ்விலையில் டிராக்டர் வாடகை அடைபட்டது. ஆனால் அடுத்த ஆடிக்கு விற்க ஒன்றுமில்லாமற் போயிற்று.

மாட்டின் நிலை இதனினும் கடினம். எல்லாரும் தீவனமின்றித் தவிக்கும்போது எல்லாரும் விற்பவரே, வாங்குவார் அரியர். வடகிழக்குப் பருவமழை 2016-ல் தமிழ்நாட்டில் வழக்கமான அளவுக்கு 62 விழுக்காடு குறைவாகப் பெய்தது. 2017 ஜனவரியில், அன்றிருந்த 32 மாவட்டங்களும் வறட்சியால் பாதிக்கப்பட்டவை என அறிவிக்கப்பட்டன. அவ்வாண்டு அடிமாட்டு விலைக்குப் போன கறவைகளை மழை வந்த பின் அதே விலைக்கு மீட்டவர் எவருமில்லை. தொழுவம் ஒருமுறை வெறுமையானால் மீண்டும் நிரம்பப் பல ஆண்டுகள் ஆகின்றன. இடைப்பட்ட காலத்தில் பிள்ளைகளுக்குப் பால் இல்லை, காட்டுக்கு எரு இல்லை, அவசரத்துக்குக் கைப்பொருளும் இல்லை.

சங்கம் செய்யத்தக்கவை

குடியானவரை லேவாதேவிக்காரரிடமிருந்து மீட்கவே 1904-ல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் பிறந்தது. கடன் கொடுத்தால் மட்டும் போதாது; தக்க மாதத்தில் கொடுத்தல் வேண்டும். புரட்டாசி உழவுக்கு வேண்டிய பணம் கார்த்திகையில் கைக்கு வருமானால், ஆடு அதற்குள் சந்தைக்குப் போய்விடும். மனுக்களை வைகாசியிலும் ஆனியிலுமே பெற்று, ஆவணிக்குள் கடனை வழங்கும் சங்கம் தன் அங்கத்தினரின் தாயாடுகளைக் காப்பாற்றுகிறது.

1998-ல் பயிருக்கென ஏற்பட்ட உழவர் கடன் அட்டை வசதி, 2019 முதல் கால்நடை வளர்ப்புக்கும் விரிவாக்கப்பட்டது. தீவனம், மருத்துவம் போன்ற நடைமுறைச் செலவுகளுக்கு இதனைப் பயன்படுத்தலாம். தை மாதத்தில் தட்டை மலிவாயிருக்கையில் வாங்கிப் படப்புப் போடுவதற்கு இதனினும் பொருத்தமான கடன் வேறில்லை. ஒரே ஊரைச் சேர்ந்த பத்து அங்கத்தினர் கூடி மொத்தமாக வாங்கினால் வண்டிச் சத்தமும் குறையும். கறவைக்குக் காப்பீடும் உடனுக்குடன் செய்துகொள்ளத்தக்கது.

பால் சங்கத்தில் காலையும் மாலையும் ஊற்றும் பாலுக்கு அளவும், கொழுப்பும், இதர சத்தும் பார்த்து விலை தரப்படுகிறது. அந்தப் பட்டுவாடாவிலிருந்து மழைக்கால மாதங்களில் ஒரு சிறு தொகையைச் சிக்கன நிதியாகப் பிடித்து வைத்து, ஆடியில் திருப்பித் தரும்படி அங்கத்தினர் தாமே முடிவு செய்துகொள்ளலாம். நெசவாளர் சங்கத்தார் தீபாவளிக் கூலியில் இதே முறையை மேற்கொள்ளலாம். பணம் மிகும் மாதம் பணம் குறையும் மாதத்துக்கு உதவுதலே இதன் சாரம்.

கடைசியாக ஒன்று. விடியுமுன் எழுந்து சாணம் அள்ளி, பால் கறந்து, கழுநீர் வைத்து, சினை ஆட்டை இரவில் எழுந்து பார்த்து வருபவர் யார் என்று எந்தத் தொழுவத்திலும் கேட்டுப் பாருங்கள். விடை வீட்டுப் பெண்களே என்பதாகும். ஆனால் பால் அட்டையிலும் பங்குப் புத்தகத்திலும் பல இடங்களில் ஆண்களின் பெயரே காணப்படுகிறது. விற்கலாமா வேண்டாமா என்று பேசும்போது, எந்த ஆடு சினை, எந்தப் பசு அடுத்த மாதம் ஈனும் என்பதை அறிந்தவரின் சொல் சபை ஏறுவதில்லை. பெண்களே அங்கத்தினராக உள்ள பால் சங்கங்கள் தமிழ்நாட்டில் செவ்வனே நடந்துவருகின்றன. பாடுபடுபவரின் பெயரில் பங்கும், பட்டுவாடாவும், பேரவையில் வாக்கும் இருக்குமானால், தாயாடு சந்தைக்குப் புறப்படுமுன் ஒருமுறை தடுத்துக் கேட்க வீட்டில் உரிமையுள்ள ஒருவர் இருப்பார்.

மழை நம் கையில் இல்லை. படப்பின் அளவும், கடனின் மாதமும், சங்கப் புத்தகத்தில் எழுதும் பெயரும் நம் கையில் உள்ளன. வரும் ஆடிக்கு முன் நடக்கும் நிர்வாகக் குழுக் கூட்டத்தில் இம்மூன்றையும் பொருளாக வைத்து ஆலோசிக்குமாறு எல்லாச் சங்கத்தாரையும் கேட்டுக்கொள்கிறோம்.