கல்லில் ஏறாத மூன்றாவது கணக்கு

முதல் உலகப் போர் முடிந்ததும் சென்னை மாகாணத்தின் பல ஊர்களில் ஏறக்குறைய ஒரே வாசகத்தோடு கல்வெட்டுகள் பதிக்கப்பட்டன. இந்த ஊரிலிருந்து போருக்குப் போனவர்கள் இத்தனை பேர். அவர்களில் உயிர் கொடுத்தவர்கள் இத்தனை பேர். கை கால் இழந்தும் பார்வை இழந்தும் ஊர் திரும்பியவர்கள் எத்தனை பேர் என்ற மூன்றாவது கணக்குக்கு அந்த வாசகத்தில் இடமே இல்லை.

பெரம்பலூர், அரியலூர் பக்கம் போர் நினைவு புதிதல்ல. இரண்டும் அன்று திருச்சி மாவட்டத்தில் இருந்தன. ரஞ்சன்குடிக் கோட்டையை ஒட்டிய வாலிகண்டபுரத்தில் 1751-இல் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் மோதினார்கள். அவர்கள் முறையே ஆதரித்த முகமது அலி, சந்தா சாகிப் என்று தலைவர்களின் பெயர்கள் பாடப்புத்தகம் வரை வந்துவிட்டன. களத்தில் விழுந்த சிப்பாய்களின் பெயர்கள் வரவில்லை. கங்கைகொண்ட சோழபுரத்தில் ராஜேந்திர சோழனின் வடதிசை வெற்றிக்கு ஏறத்தாழ 180 அடி உயர விமானமே சாட்சி. அந்தப் படையில் போய்த் திரும்பாதவனுக்கு, ஊர் எல்லையில் முழங்கால் உயர நடுகல் கிடைத்திருந்தால் அதுவே பெரிது.

ஆனால் அந்தச் சிறிய கல்லை நம் மரபு லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. கல்லைத் தேர்ந்தெடுப்பதில் தொடங்கி, நீராட்டி, நட்டு, படையலிட்டு வாழ்த்துவது வரை ஆறு படிகளைத் தொல்காப்பியம் வகுத்திருக்கிறது. வீழ்ந்தவனின் குடும்பத்துக்கு ‘உதிரப்பட்டி’ என்ற பெயரில் நிலம் கொடுத்ததைக் கல்வெட்டுகள் சொல்கின்றன. நடுகல் காலப்போக்கில் சாமியாகிவிடுவதும் உண்டு. தருமபுரி, திருவண்ணாமலைப் பக்கத்தில் வேடியப்பன் என்று கும்பிடப்படும் கற்களில் பல, பழைய வீரர்களின் கற்களே. நினைவும் வழிபாடும் நமக்கு ஒரே வாசலில்தான் நடக்கின்றன. அந்த வாசலின் படியில் யார் ஏற முடியும் என்ற கேள்வியும் அங்கேயே எழுகிறது.

2019 பிப்ரவரி 14 அன்று புல்வாமாவில் மத்திய ரிசர்வ் போலீஸ் படையினர் 40 பேர் கொல்லப்பட்டார்கள். அரியலூர் மாவட்டம் கார்குடியைச் சேர்ந்த சிவச்சந்திரனும் அவர்களில் ஒருவர். இப்படிப்பட்டவர்களுக்கு ஆண்டுதோறும் மாலை போடுகிறோம், போட வேண்டும். அதே சீருடை போட்டு, காயத்தோடு திரும்பி, ஓய்வூதியத்தில் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருப்பவரை அந்த நினைவுக் கூட்டத்துக்கு யாராவது அழைத்துவருகிறார்களா? அழைத்து வந்தாலும் மேடைக்கு எப்படி ஏற்றுகிறார்கள்? இரண்டு இளைஞர்கள் நாற்காலியோடு தூக்கித்தான். அன்பாகத்தான் செய்கிறார்கள். தூக்கப்படுகிறவருக்கு அது எப்படி இருக்கும் என்பதை அவர் முகத்தைப் பார்த்தால் தெரியும்.

உண்மையில் மாற்றுத்திறனாளிகளின் இன்றைய பல உரிமைகளுக்குப் போரில் காயப்பட்டவர்களே வழிவகுத்தார்கள். ஊனமுற்ற இந்தியப் படைவீரர்களுக்குத் தொழில் கற்றுத்தர 1917-இல் பம்பாயில் தொடங்கிய பள்ளி, பின்னர் புனே அருகே கிர்க்கிக்கு மாறியது. இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில், முதுகெலும்பில் அடிபட்ட இரண்டாம் உலகப் போர் வீரர்களுக்காக லுட்விக் குட்மன் 1948-இல் நடத்திய வில்வித்தைப் போட்டிதான் பாராலிம்பிக்கின் விதை. 1965 போரில் குண்டடிபட்ட முரளிகாந்த் பேட்கர், 1972-இல் ஹைடல்பெர்கில் நீச்சலில் இந்தியாவுக்கு முதல் பாராலிம்பிக் தங்கம் வாங்கினார். நம் சேலத்து மாரியப்பன் தங்கவேலு 2016-இல் ரியோவில் உயரம் தாண்டித் தங்கம் வென்றதும் அந்தப் பாதையில்தான்.

சரி, சட்டம் என்ன சொல்கிறது? மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, ‘பொதுக் கட்டடம்’ என்பதற்குத் தரும் விளக்கத்தில் மதம், பண்பாடு சார்ந்த பயன்பாட்டுக்கான கட்டடங்களும் உண்டு. அரசுக் கட்டடமா, தனியார் கட்டடமா என்ற பேதம் கிடையாது. ஆக, திங்கள், வெள்ளிகளில் நடை திறக்கும் சிறுவாச்சூர் மதுரகாளியம்மன் கோயிலும், வீரமாமுனிவர் வாழ்ந்த ஏலாக்குறிச்சியின் அடைக்கல மாதா ஆலயமும், லப்பைக்குடிகாட்டுப் பள்ளிவாசலும் இந்த விளக்கத்துக்குள் வருகின்றன. ஏற்கெனவே உள்ள கட்டடங்களை மாற்ற விதிகள் வந்த நாளிலிருந்து ஐந்து ஆண்டு அவகாசம். விதிகள் 2017 ஜூனில் வந்தன. அவகாசம் 2022-இலேயே தீர்ந்துவிட்டது. அணுகல் தரங்கள் வெறும் பரிந்துரையாக இருந்தால் போதாது, கட்டாயமாக வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2024 நவம்பர் 8 அன்று தீர்ப்பளித்தது.

சாய்வுதளம் கட்டியாகிவிட்டது என்று சொல்லும் இடங்களிலும் அளவு பார்க்க வேண்டும். ஓர் அடி உயரத்துக்கு 12 அடி நீளம் என்பதே வழிகாட்டும் அளவு. நினைவுத் தூணின் பீடம் மூன்று படி, படிக்கு அரையடி என்றால் மொத்த உயரம் ஒன்றரை அடி. அதற்குச் சாய்வுதளம் 18 அடி நீளம் வேண்டும். பல இடங்களில் நாம் காண்பது, நாலடிக்குள் கொட்டிய செங்குத்தான சிமெண்ட் சரிவு. மோட்டார் சைக்கிள் அதில் ஏறும். சக்கர நாற்காலி பின்பக்கமாகக் கவிழும். பக்கத்தில் கைப்பிடிக் கம்பி இருக்காது, மேலே போனால் நிலைப்படி தடுக்கும்.

பழைய கற்கோயிலின் படிகளை உளியால் தொடக் கூடாது என்பது நியாயமான கவலை. அதற்குக் கழற்றி மாட்டக்கூடிய மரச் சாய்வுதளம் போதும். வெளியே ஓடும் நாற்காலி உள்ளே வரக் கூடாது என்றால் கோயிலே இரண்டு நாற்காலி வாங்கி வைக்கலாம்.

படி மட்டுமே தடை இல்லை. ஜனவரி 30 காலை 11 மணிக்கு, விடுதலைக்காக உயிர் நீத்தவர்களை நினைத்து நாடெங்கும் இரண்டு நிமிடம் மௌனம். அது தொடங்குவதைச் சங்கொலியால் தெரிவிக்கிறோம். காது கேளாதவருக்கு அது எப்படித் தெரியும்? முன்னால் ஒருவர் கையை உயர்த்தி நின்றால் போதும், செலவே இல்லை. எழுத்தின் வடிவம் தெரிந்த பார்வையற்றவர், கல்லில் ஆழமாக வெட்டிய பெயரை விரலால் தடவியே படித்துவிடுவார். இப்போது பெயர்களை ஃபிளெக்ஸ் பேனரில் அச்சடித்துக் கட்டுகிறோம், தடவினால் வழுவழுப்புதான். வீரர் பெயரைக் கல்லில் வெட்டுவதற்கு அழகைத் தாண்டிய இந்தக் காரணமும் உண்டு.

யாரிடம் கேட்பது? உள்ளாட்சி அமைப்புகளில் மாற்றுத்திறனாளிகளை நியமன உறுப்பினராக்கத் தமிழகம் 2025 ஏப்ரலில் சட்டத்தைத் திருத்தியது. அரசு சொன்ன கணக்குப்படி கிராம ஊராட்சிகளில் மட்டும் 12,913 இடங்கள். அரியலூர், ஜெயங்கொண்டம், பெரம்பலூர் நகராட்சிகளுக்கும் இது பொருந்தும். குடியரசு நாள், சுதந்திர நாள் உட்பட ஆண்டுக்கு ஆறு முறை கிராம சபை கூடுகிறது. கொடியேற்றி வீரர்களை நினைக்கும் அதே நாளில் தீர்மானமும் போடலாம். தீர்மானத்தில் பீடத்தின் உயரம், வேண்டிய சாய்வுதளத்தின் நீளம், செலவுக்கான நிதி, முடிக்க வேண்டிய தேதி நான்கும் இருக்கட்டும். நகல் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலருக்குப் போகட்டும். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தை மீறினால் முதல் முறை 10,000 ரூபாய் வரை அபராதம் என்பதையும் தீர்மானத்தின் கடைசி வரியாக எழுதிவிடுங்கள்.