கலப்பைக்குத் துரு ஏறலாமா?

உழவு முடிந்ததும் இரும்புக் கலப்பையை மண்ணோடு அப்படியே கொட்டகையில் சாத்திவிடுவது நம்மில் பலருக்கு வழக்கம். ஒட்டிய ஈரமண் ஓரிரு நாளிலேயே கொழுவில் துருவைக் கிளப்பிவிடும். துருவேறிய கொழுவில் மண் வழுக்காது, அப்பிக்கொள்ளும். அடுத்த உழவில் மாடுகளுக்குத்தான் இழுவை அதிகம். டிராக்டர் என்றால் டீசல் செலவு.

ஆகவே மண்ணைச் சுரண்டிக் கழுவி, வெயிலில் நன்கு உலர்த்துங்கள். துரு தெரிந்தால் செங்கல் தூள் போட்டுத் தேய்க்கவும். பிறகு கிரீஸ் பூச வேண்டும். ஈரத்தின் மேல் பூசினால் அடியிலேயே துரு பிடிக்கும். தரையில் படாமல் கட்டைமேல் நிறுத்துங்கள். ஈரச் சாக்கால் மூடுவதைவிட மூடாமலே விடலாம். உர மூட்டைகளுக்குப் பக்கத்தில் மட்டும் வைக்கவே வேண்டாம். யூரியா போன்ற உரத்தூள் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து, இரும்பைச் சீக்கிரம் அரித்துவிடும்.