கையிலுள்ள காசுக்கு ஒரு வீடு: விசுவமடுவில் கட்ட நினைக்கிறவர்களுக்கு

விசுவமடுவில் பரந்தன்–முல்லைத்தீவு வீதியை விட்டு உள்ளொழுங்கைகளில் இறங்கினால் பாதியில் நின்ற வீடுகள் கண்ணில் படும். சுவர் லிண்டல் மட்டத்துக்கு (கதவு, யன்னலுக்கு மேலே ஓடும் கொங்கிறீற்றுப் பட்டி) வந்திருக்கும். அதற்கு மேலே கம்பி துருப்பிடித்து நீட்டிக்கொண்டு நிற்கும். பக்கத்துத் தகரக் கொட்டிலில் குடும்பம் இருக்கும். வீடு வேண்டாமென்று யாரும் பாதியில் விடுவதில்லை. கையில் இருந்த காசு முடிந்திருக்கும், அல்லது வரவேண்டிய காசு வராமல் போயிருக்கும். உங்கள் வீடும் அப்படி நின்றுவிடாமல் இருக்க என்ன செய்யலாம் என்பதைப் பார்ப்போம்.

முதலில் எதைச் செய்வது? கல்லும் சீமெந்தும் பிறகு. காணிப் பத்திரத்தைப் பாருங்கள்.

“முப்பது வருடமாக இதே வளவில்தானே இருக்கிறோம், எங்கள் காணிதானே” என்பீர்கள். இருக்கலாம். ஆனால் விசுவமடு குடியேற்றத் திட்டங்களால் வளர்ந்த ஊர். படித்த வாலிபர் திட்டத்தில் வந்து மிளகாயும் வெங்காயமும் செய்தவர்களின் காணிகள் இங்கே இருக்கின்றன. இப்படி வந்த காணிகளில் பெரும்பாலானவை 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் பெர்மிட்டில் (அரச காணியை நிபந்தனையோடு அனுபவிக்கத் தரும் அனுமதிப்பத்திரம்) கொடுக்கப்பட்டவை. பெர்மிட் காணியில் வீடு கட்டலாம், பயிர் செய்யலாம். பிரதேச செயலாளரின் சம்மதம் இல்லாமல் விற்கவோ துண்டாக்கவோ முடியாது. அளிப்புப் பத்திரம் (பெர்மிட்டுக்கு அடுத்த படியாக, ஜனாதிபதியின் பெயரில் தரப்படும் நிலையான உரித்து) கையில் இருந்தால் உங்கள் நிலை இன்னும் பலமானது. சட்டம் அனுமதித்த வங்கியிலோ கூட்டுறவுச் சங்கத்திலோ அதை ஈடு வைத்துக் கடன் கேட்கலாம்.

பத்திரம் இடப்பெயர்வில் தொலைந்துவிட்டதே? 2009இல் உடுத்த துணியோடு போனவர்கள் பலருக்கும் இதே நிலைதான். பெர்மிட்டின் விபரம் பிரதேச செயலகத்தின் பேரேட்டில் (காணி விபரம் பதியும் பெரிய புத்தகம்) பதிவாகியிருக்க வேண்டும். விசுவமடு மக்களுக்கு அது புதுக்குடியிருப்புப் பிரதேச செயலகம். அங்கே காணிக் கிளைக்குப் போய்ப் பேரேட்டைத் தேடச் சொல்லி, பிரதிக்கு எழுத்தில் விண்ணப்பியுங்கள். காணிக்குப் பணம் கட்டிய பழைய பற்றுச்சீட்டு, வாக்காளர் இடாப்பு, பக்கத்து வளவுக்காரரின் பத்திரம், எது கிடைத்தாலும் கொண்டுபோங்கள்.

பெர்மிட் கணவரின் பெயரில் இருக்கிறது, அவர் இல்லை. இது நம் பகுதியில் அடிக்கடி வரும் கேள்வி. கணவர் இறந்திருந்தால் மனைவிக்கு அந்தக் காணியில் வாழும் உரிமை உண்டு. அவர் பின்னுரித்தாளி (தனக்குப் பின் காணி யாருக்கு என்று பதியப்பட்டவர்) எவரையாவது பதிந்திருக்கிறாரா என்று பாருங்கள். பதியாமல் போயிருந்தால் முன்பு மூத்த மகனுக்கே முன்னுரிமை இருந்தது. 2022இல் வந்த திருத்தம் ஆண் பெண் வேறுபாட்டை எடுத்துவிட்டது. கணவர் காணாமற்போயிருந்தால், மரணச் சான்றிதழ் எடுக்க மனம் வராத குடும்பங்களுக்கென்றே 2016இல் ஒரு வழி வந்தது. காணாமற்போனவர் என்று காட்டும் சான்றிதழ் ஒன்றைப் பெறலாம். அதை எடுப்பதால் அவர் இறந்துவிட்டார் என்று நீங்கள் ஒப்புக்கொண்டதாக ஆகாது. அப்படி ஆகிவிடுமோ என்ற பயத்தில் பல பெண்கள் வருடக்கணக்காகக் காணி அலுவலைத் தொடாமலே இருக்கிறார்கள், அதனால் சொல்கிறேன்.

இனி, வீட்டுத்திட்டம் ஒன்று கிடைக்குமா?

வன்னியில் இதுவரை வந்தவற்றில் பெரியது இந்திய வீட்டுத்திட்டம். 2010இல் 50,000 வீடுகள் என்று அறிவித்தார்கள். முதல் 1,000 வீடுகளை ஒப்பந்தம் எடுத்த நிறுவனமே கட்டிக் கொடுத்தது. 2012 ஒக்டோபர் 2ஆம் திகதி தொடங்கிய அடுத்த கட்டத்தில் முறை மாறியது. புதுவீட்டுக்கு 5,50,000 ரூபாயும் திருத்த வேலைக்கு 2,50,000 ரூபாயும் பயனாளியின் வங்கிக் கணக்குக்கே தவணை தவணையாக வந்தது. மேசனைப் பிடிப்பது, கல் வாங்குவது எல்லாம் வீட்டுக்காரர் பொறுப்பு. ஒரு கட்டம் முடிந்ததைப் பார்த்த பிறகே அடுத்த தவணை.

இந்த முறைதான் நல்லது என்பது என் முடிவு. தன் வீட்டுக்குத் தான் கல் வாங்குகிறவர் உடைந்த கல்லை ஏற்கமாட்டார். 2015க்குப் பிறகு இரும்பால் செய்த 65,000 பொருத்து வீடுகளை (தொழிற்சாலையில் செய்து கொண்டுவந்து பூட்டும் வீடு) வடக்குக் கிழக்குக்குக் கொண்டுவர முயன்றபோது நடந்தது நினைவிருக்கும். ஒரு வீடு ஏறக்குறைய 21 இலட்சம் ரூபாய். அதே காசில் இரண்டு கல்வீடு கட்டலாமே, இந்த வெக்கையில் இரும்புக்குள் எப்படி இருப்பது, பழுதானால் ஊர் மேசன் திருத்துவாரா என்று மக்களும் பொறியியலாளர்களும் கேட்டார்கள். கடைசியில் அந்தத் திட்டம் கைவிடப்பட்டது. கேட்டதில் ஒரு கேள்வியும் பிழையில்லை.

ஆனால் தவணை முறையில் ஒரு ஆபத்து உண்டு. தருகிறவர் நிறுத்திவிட்டால் வீடும் நின்றுவிடும். 2019 நவம்பரில் ஆட்சி மாறியபோது, தேசிய வீடமைப்பு அதிகார சபையின் மாதிரிக் கிராமத் திட்டங்களில் பல குடும்பங்களுக்கு மீதித் தவணை வராமல் போனது. தவணை வரும் என்று நம்பிக் கடையில் கடனுக்குக் கம்பி எடுத்தவர்கள் அகப்பட்டுக்கொண்டார்கள். பிறகு 2022இன் பொருளாதார நெருக்கடி வந்தது. ஒரு வருடத்துக்கு முன் ஆயிரம் ரூபாயை ஒட்டி விற்ற 50 கிலோ சீமெந்துப் பை மூவாயிரத்தைத் தாண்டியது.

ஆகவே எந்தத் திட்டத்தில் உங்கள் பெயர் வந்தாலும் இரண்டு விடயங்களைக் கவனியுங்கள். எத்தனை தவணை, எந்தக் கட்டத்துக்கு எவ்வளவு என்பதைக் கையொப்பமிட்ட ஒப்பந்தத்தின் பிரதியாகக் கையில் வாங்கிவிடுங்கள். வந்த தவணைக்குள் எந்த வேலை முடியுமோ அதை மட்டும் தொடங்குங்கள். மீதித் தவணை வராமல் நிற்கிறவர்கள் அந்த ஒப்பந்தப் பிரதி, வங்கிப் புத்தகம், வீட்டின் இப்போதைய படம் மூன்றையும் இணைத்து அதிகார சபையின் மாவட்ட அலுவலகத்துக்கும் பிரதேச செயலாளருக்கும் எழுதி, கிடைத்ததற்கு ஒப்பம் வாங்குங்கள். வாயால் சொன்ன முறைப்பாடு கோப்பில் இருக்காது.

எவ்வளவு பெரிதாகக் கட்டுவது? இந்திய வீட்டுத்திட்ட வீடு ஏறக்குறைய 550 சதுர அடி. இரண்டு அறை, ஒரு கூடம், குசினி. கடனில் விழுந்தவர்களில் பலர் அந்த அளவோடு நிற்கவில்லை. “மகளுக்குக் கலியாணம் வரும்”, “விறாந்தையைக் கொஞ்சம் நீட்டுவம்” என்று அத்திவாரத்தை அகட்டினார்கள். ஆசை விளங்குகிறது. பல வருடம் தறப்பாளுக்குக் கீழே இருந்தவர்களின் ஆசை அது. ஆனால் அத்திவாரம் பெருத்தால் சுவர், கூரை, தளம் எல்லாம் சேர்ந்தே பெருக்கும்.

அதற்கு மாற்று வழி, முழு வீட்டுக்கும் வரைபடம் போட்டு ஒரு பகுதியை மட்டும் முடித்துக் குடியேறுவது. முதலில் ஒரு அறை, குசினி, மலசலகூடம், இவற்றுக்குக் கூரை. அடுத்த அறைக்கு வேண்டிய வாசல் இடத்தில் லிண்டல் போட்டு, கீழே கல்லை அடைத்துவிடுங்கள். பிறகு அந்தக் கல்லை எடுத்தால் வாசல் தயார், சுவரை உடைக்க வேண்டியதில்லை. மலசலகூடக் குழி கிணற்றிலிருந்து 50 அடியாவது தள்ளி இருக்கட்டும். அத்திவாரத்தை 2018 டிசம்பர் வெள்ளம் உங்கள் வளவில் ஏறிய மட்டத்துக்கு மேலே உயர்த்துங்கள். இதில் மட்டும் சிக்கனம் பார்க்க வேண்டாம்.

கல்லில் எவ்வளவு மிச்சம் பிடிக்கலாம்? இரண்டு வழி இருக்கிறது, இரண்டும் வன்னியில் தெரியாதவை அல்ல. ஒன்று எலிப்பொறிக் கட்டு (செங்கல்லைப் படுக்க வைக்காமல் பக்கவாட்டில் நிறுத்தி, நடுவில் வெற்றிடம் விட்டுக் கட்டுவது). கேரளத்தில் லோரி பேக்கர் என்ற கட்டடக் கலைஞர் பரப்பிய முறை. ஒன்பது அங்குலச் சுவருக்கு ஏறக்குறைய கால்வாசிக் கல் மிச்சம், சாந்தும் குறைவு. நடுவில் காற்று நிற்பதால் வீடு குளிர்மையாக இருக்கும். கட்டு நேராக இருந்தால் வெளிப்பூச்சும் தேவையில்லை. பழகிய மேசனாக இருக்க வேண்டும் என்பதுதான் நிபந்தனை.

மற்றது அழுத்திய மண்கல் (மண்ணோடு சிறிது சீமெந்து கலந்து இயந்திரத்தில் அமுக்கி, சுடாமல் ஆறவிட்ட கல்). உங்கள் மண் இதற்கு ஏற்றதா என்று வீட்டிலேயே பார்க்கலாம். மேல்மண்ணை நீக்கி, கீழ்மண்ணைக் கண்ணாடிப் போத்தலில் மூன்றில் ஒரு பங்கு போட்டு, தண்ணீர் விட்டுக் குலுக்கி ஒரு நாள் அசையாமல் வையுங்கள். அடியில் மணல், அதற்கு மேல் வண்டல், மேலே களி என்று படையாக நிற்கும். மணல் படை பாதிக்கு மேல் இருந்து, களி மெல்லிய படையாக இருந்தால் நல்லது. வயல் மண்ணில் களி கூட, அது வெடிக்கும். கல்லை அரிந்ததும் வெயிலில் காயவிடாதீர்கள். ஈரச்சாக்கு மூடி, மூன்று கிழமை தண்ணீர் தெளிக்க வேண்டும்.

கூரைக்கு உங்கள் வளவுப் பனையைத் தறிக்க நினைத்தால் பிரதேச செயலகத்தில் அனுமதி எடுங்கள். மணலையும் அனுமதியோடு வருகிறவரிடமே வாங்குங்கள். களவு மணல் லோட் மலிவாகத் தெரியும். ஆனால் உழவு இயந்திரம் பிடிபட்டால் நீங்கள் கொடுத்த முற்பணம் திரும்பாது, ஆற்றங்கரையும் போய்விடும்.

காசு குறைகிறது, கடன் எடுக்கலாமா? எடுக்கலாம். ஆனால் கிழமைக் கடன் (குழுவாகச் சேர்த்துக் கொடுத்து வாராவாரம் அறவிடும் நுண்கடன்) எடுத்து வீடு கட்டாதீர்கள். கணக்கைப் பாருங்கள். 1 இலட்சம் வாங்கி, 24,000 வட்டி சேர்த்து 52 கிழமையில் கட்டச் சொல்கிறார்கள் என்று வையுங்கள். வட்டி 24 வீதம் போலத் தெரியும். ஆனால் முதல் கிழமையிலிருந்தே முதலையும் திருப்பிக் கட்டுகிறீர்கள். வருடம் முழுக்க உங்கள் கையில் சராசரியாகப் பாதிக் காசுதான் இருக்கும். உண்மை வட்டி 40 வீதத்தைத் தாண்டிவிடும். இப்படிப் பெண்கள் பட்ட பாட்டால்தான் 2018இல் அரசு, வறட்சி பாதித்த 12 மாவட்டங்களில் 1 இலட்சத்துக்கு உட்பட்ட நுண்கடன்களைத் தள்ளுபடி செய்ய முன்வந்தது. வீடு வருமானம் தராது. அதற்கு வாங்கும் கடன் நீண்ட தவணையில், குறைந்து செல்லும் மீதிக்கு மட்டும் வட்டி போடுவதாக இருக்க வேண்டும். சமுர்த்தி வங்கி, சிக்கனக் கடனுதவிச் சங்கம், வீடமைப்பு அதிகார சபை, இந்த மூன்றிலும் கேட்டுப் பார்த்த பிறகு வேறிடம் போங்கள். காலபோக நெல் விற்ற காசு வரும் பங்குனி, சித்திரையில் தொடங்கினால் மாரிக்கு முன் கூரை ஏற்ற நேரமும் இருக்கும்.

காணியே இல்லாதவர்கள் என்ன செய்வது? மீள்குடியேற்றத்தின்போது சிறுபிள்ளையாக இருந்தவர்கள் இப்போது கலியாணம் முடித்துப் பெற்றோரின் வளவில் உபகுடும்பமாக (ஒரே வளவில் தனியாக உலை வைக்கும் குடும்பம்) இருக்கிறார்கள். பெற்றோர் வாயால் பிரித்துக் கொடுத்த துண்டில் வீடு கட்டினால் பின்னாளில் சகோதரர்களுக்குள் வழக்கு வரும். துண்டாக்க அனுமதி கிடைக்குமா என்று முதலில் காணிக் கிளையில் கேளுங்கள். காணியின் பரப்புக்குக் குறைந்தபட்ச எல்லை ஒன்று உண்டு. கிடைக்காவிட்டால் காணிக் கச்சேரிக்கு (அரச காணி பகிர்ந்தளிக்க நடத்தும் விசாரணை) விண்ணப்பியுங்கள். காட்டு ஓரமாக வெளியாகக் கிடக்கும் நிலத்தைத் துப்புரவாக்கிக் கொட்டில் போடும் முன், அது வன இலாகா எல்லைக் கல்லுக்குள் வருகிறதா என்று விதானையாரிடம் (கிராம அலுவலர்) கேட்டுவிடுங்கள்.

அடுத்த முறை காணி நடமாடும் சேவை (காணி அலுவலர்கள் ஊருக்கே வந்து நடத்தும் சேவை) நடக்கும்போது மேசனைத் தேடி அலைவதை ஒரு நாள் தள்ளிவையுங்கள். அடையாள அட்டை, குடும்ப அட்டை, கையிலுள்ள காணித் துண்டுகள் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போங்கள். உங்கள் பேரேட்டுப் பக்கத்தில் யாருடைய பெயர் இருக்கிறது, பின்னுரித்தாளி பதிந்திருக்கிறதா என்ற இரண்டையும் கேட்டு அறிந்துகொண்டு வாருங்கள்.