பதிலிச் சேவையகமும் அடையாளச் சான்றும்

உலாவி கடவுச்சொல்லை மீண்டும் மீண்டும் வினவுமிடத்து, பயனர் இட்ட சொல்லே பிழையெனத் துணிதல் பொருந்தாது. வினவுவது யார் என்பதையே நாம் முதற்கண் ஆராய்தல் வேண்டும். 401 என்னும் குறியெண்ணை விடுப்பது இணையத்தளத்தின் சேவையகம். 407 என்பதனை விடுப்பது நிறுவன வலையமைப்புக்கும் இணையத்துக்கும் இடைநிற்கும் பதிலிச் சேவையகம். முதல் வேண்டுகோளுக்கு 407 வருதல் இயல்பே. அதன் பின்னரே உலாவி சான்றினை அனுப்பும். சான்று சென்ற பின்னரும் அது தொடருமாயின் கோளாறு உண்டு.

கேபரோஸ் முறையில் இரு காரணங்களை நாம் முதலில் நோக்கலாம். ஒன்று, கணினிகளின் கடிகாரங்கள் வழமையான எல்லையாகிய 5 நிமிடங்களுக்கு மேல் வேறுபடுதல். மற்றையது, உலாவியின் அமைப்பில் பதிலியின் முழுப்பெயருக்குப் பதிலாக எண்முகவரியை இடுதல். அனுமதிச்சீட்டு சேவையகத்தின் பெயருக்கே வழங்கப்படுதலின் எண்முகவரி பெரும்பாலும் பயன்படாது. இவற்றை ஆராயாது கடவுச்சொல்லையே திரும்பத்திரும்ப இடச்செய்தால், குற்றமற்ற பயனரின் கணக்குப் பூட்டப்படவும் கூடும்.