லீஸ் பணம் யார் கைக்குப் போகிறது?

பத்து மாத அட்வான்ஸில் 'பெயின்டிங் செலவு' என்று ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொள்ளும் வீட்டுக்காரரைப் பெங்களூரு பிரேசர் டவுன் குடித்தனக்காரர்கள் எப்படியோ பொறுத்துப் போகிறார்கள். குடும்பத்தையே கவிழ்ப்பது, மாத வாடகைக்குப் பதில் மொத்தமாக ஒரு தொகை கொடுத்துக் குடியேறும் லீஸ். அதிலும் நடுவில் ஏஜென்ட் நுழைந்த லீஸ்.

மாதா மாதம் வாடகை தருவதாக வீட்டுக்காரரிடம் ஏஜென்ட் ஓர் ஒப்பந்தம் போடுகிறார். அதே வீட்டைக் காட்டிக் குடிவருபவரிடம் லட்சக்கணக்கில் லீஸ் தொகை வாங்குகிறார். சில மாதம் வாடகை ஒழுங்காகப் போகும். பிறகு நின்றுவிடும், போனும் அணைந்துவிடும். வீட்டுக்காரர் வந்து "காலி பண்ணுங்க" என்னும்போதுதான் குடும்பத்துக்கு விஷயமே தெரிகிறது. பெங்களூரு காவல் நிலையங்களில் இப்படிப் பல வழக்குகள் பதிவாகியிருக்கின்றன. வீட்டுக்காரர்களும் ஏமாந்தவர்கள்தான். ஆனால் அவர்களுக்கு வீடு மிஞ்சுகிறது.

இங்கே வாடகைச் சட்டமும் கைகொடுப்பதில்லை. தமிழ்நாட்டில் குடியிருப்பு வீட்டு அட்வான்ஸுக்கு மூன்று மாத வாடகைதான் வரம்பு. மத்திய அரசு 2021இல் தந்த மாதிரிச் சட்டம் இரண்டு மாதம் என்கிறது. 1999ஆம் ஆண்டின் கர்நாடக வாடகைச் சட்டமோ, பெங்களூரில் மாத வாடகை 3,500 ரூபாயைத் தாண்டினாலே விலகிக்கொள்கிறது. மாஸ்க் ரோடு சந்துகளில் அந்த வாடகைக்கு இன்று எந்த வீடு கிடைக்கும்?

எனக்குப் பெரும் கவலை, லீஸுக்கு எழுதும் 11 மாதப் பத்திரம். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்தே ஆகவேண்டும் என்று 1908ஆம் ஆண்டின் பதிவுச் சட்டம் சொல்கிறது. முத்திரைத் தாள் செலவை மிச்சம் பிடிக்க, மூன்று வருஷம் என்று வாயால் பேசிவிட்டு 11 மாதம் என்று எழுதுகிறார்கள். அதில் வீட்டுக்காரர் கையெழுத்தும் இல்லை, பணமும் ரொக்கம் என்றால் வழக்கு அங்கேயே பாதி தோற்றுப்போகிறது. வில்லங்கச் சான்றும் கத்தா என்னும் சொத்துவரிப் பதிவும் பார்த்து, தொகையை வீட்டுக்காரரின் வங்கிக் கணக்கிலேயே போடுங்கள். வீட்டின் மேல் வங்கிக் கடன் இருக்கிறதா என்றும் நேரில் கேளுங்கள். கடன் கட்டாமல் வங்கி வீட்டை எடுத்தால், லீஸ்காரரும் வெளியேற நேரலாம்.

பணம் ஏற்கெனவே போய்விட்டதா? உடனே வீட்டைக் காலி செய்யாதீர்கள். நீதிமன்ற உத்தரவு இல்லாமல் பூட்டை உடைக்கவோ சாமானை வெளியே வீசவோ யாருக்கும் உரிமையில்லை. ஏஜென்ட் மேல் மோசடிப் புகார் கொடுங்கள். கமிஷன் வாங்கிக்கொண்டு சொன்னபடி செய்யாதவர்மேல் இரண்டு ஆண்டுக்குள் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். திரும்பாத அட்வான்ஸுக்கு வக்கீல் நோட்டீஸ் அனுப்பி, மூன்று ஆண்டுக்குள் சிவில் வழக்குப் போடலாம். வக்கீலுக்குப் பணமில்லை என்று பெண்கள் பின்வாங்க வேண்டியதில்லை. சட்டப்பணி ஆணைக்குழுவில் அவர்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவசமாக வக்கீல் தருகிறார்கள்.