உண்ணிச்செடி யானைச் சிற்பங்கள்

உண்ணிச்செடி யானைச் சிற்பங்கள் என்பவை நீலகிரி மாவட்டம் கூடலூர் பகுதியில் உண்ணிச்செடித் தண்டுகளால் செய்யப்படும், உயிருள்ள யானையின் அளவிலான உருவங்கள் ஆகும். வடிவமைப்பாளர்கள், சூழலியலாளர்கள், பழங்குடிக் கைவினைஞர்கள் ஆகியோரின் கூட்டு முயற்சியில் இவை உருவாகின்றன.

பின்னணி

நீலகிரியில் மனிதரும் யானைகளும் அருகருகே வாழ்கின்றனர். குன்னூர்–மேட்டுப்பாளையம் சாலையிலுள்ள பர்லியாருக்குப் பலாப்பழப் பருவத்தில் யானைகள் வருவது வழக்கம். மாவட்டத்தின் மேற்கே கூடலூரிலும் தேயிலைத் தோட்டங்களுக்கும் குடியிருப்புகளுக்கும் இடையே யானைகள் நடமாடுகின்றன.

உண்ணிச்செடி அமெரிக்க வெப்பமண்டலத்தைச் சேர்ந்தது. 19ஆம் நூற்றாண்டில் அழகுச் செடியாக இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட இது, காடுகளில் அடர்ந்து பரவிப் புல்லையும் பிற செடிகளையும் வளரவிடாமல் தடுக்கிறது. இதனால் யானை முதலிய விலங்குகளின் தீவனம் குறைகிறது. அச்செடியை வெட்டி அகற்றி, அதைக்கொண்டே யானையைச் செய்வது இம்முயற்சியின் அடிப்படை.

உருவாக்கும் முறை

ஒவ்வொரு சிற்பமும் காட்டில் வாழும் குறிப்பிட்ட ஒரு யானையை மாதிரியாகக் கொண்டது. யானைகளை ஆராயும் தர்ஷ் தேக்கேகரா, வடிவமைப்பாளர் சுப்ரா நாயர் ஆகியோர் இம்முயற்சியின் நிறுவனர்களில் அடங்குவர். வரைபடத்தைப் பின்பற்றி இரும்புக் கம்பிகளால் சட்டகம் அமைக்கப்படுகிறது. தண்டுகளை வேகவைத்துப் பட்டை உரித்து, வளைத்து, சட்டகத்தின்மேல் பொருத்துகின்றனர். பெட்டக்குறும்பர், பணியர், காட்டுநாயக்கர், சோளகர் சமூகத்தினர் இப்பணியில் ஈடுபடுகின்றனர்.

கூட்டுப் பணியின் தன்மை

இதில் எவரும் தனித்து வடிவத்தை முடிவு செய்ய இயலாது. யானையை அடையாளம் காண்பது சூழலியலாளரின் அறிவு. அதன் அளவையும் நிலையையும் வகுப்பது வடிவமைப்பாளரின் பணி. ஆனால் எந்தத் தண்டு எவ்வளவு வளையும், துதிக்கையின் திருப்பத்துக்கு எது பொருந்தும் என்பதைக் கைவினைஞரின் கையே அறியும். தண்டுகள் ஒன்றுபோல் இருப்பதில்லை. எனவே வரைபடம் முடிக்காமல் விடுவதைக் கைகள் முடிக்கின்றன. 'இந்த யானை' என்ற பொதுவான இலக்கு இருப்பதால், யார் சொன்னது என்பதைவிட அந்த யானைபோல் இருக்கிறதா என்பதே அளவுகோலாகிறது.

கண்காட்சிகள்

2021இல் லண்டன் பூங்காக்களில் இச்சிற்பங்கள் வைக்கப்பட்டன. 2024இல் 100 யானைகள் கொண்ட கண்காட்சி அமெரிக்காவின் நியூபோர்ட்டில் தொடங்கி, நியூயார்க் உள்ளிட்ட நகரங்களுக்குச் சென்றது. விற்பனையில் கிடைக்கும் தொகை மனிதரும் விலங்குகளும் இணைந்து வாழ்வதற்கான பணிகளுக்கு உதவுகிறது. கைவினைஞர் குடும்பங்களுக்கோ, யானைகள் உலவும் தங்கள் ஊரைவிட்டுப் போகாமலேயே செய்யத்தக்க தொழிலாக இது அமைந்துள்ளது.